ஓட்டைக்கும் ஒட்டுக்கும் நடுவே

2017 மார்ச் 7 அன்று, அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக அதை உருவாக்கிப் பராமரிப்பவர்களே அறிவித்தார்கள். அறிவிப்போடு ஓட்டையை அடைக்கும் திருத்தமும் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. அதற்கும் மறுநாள், மார்ச் 9, அட்லாண்டா நகரில் தலைமையகம் கொண்ட ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குள் நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மின்னஞ்சல் போனது: ஸ்ட்ரட்ஸ் எங்கே ஓடினாலும் 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போட்டாக வேண்டும். மே 13 அன்று, ஓட்டை அறிவிக்கப்பட்டு 67 நாள் கழித்து, அதே ஓட்டை வழியாகத் திருடர்கள் அந்த நிறுவனத்துக்குள் நுழைந்தார்கள். இரண்டரை மாதம் உள்ளேயே நடமாடினார்கள். சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை அவர்கள் கைக்குப் போயின.

ஓட்டை இருப்பது தெரியும். அடைக்கும் வழி கையில் இருந்தது. அடைக்கச் சொல்லி உத்தரவும் போனது. பிறகும் ஏன் அடைபடவில்லை? ‘அலட்சியம்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அந்தச் சொல் போதாது என்பதே என் வாதம். மென்பொருள் ஓட்டைகளால் நடந்த பெரிய திருட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், திருத்தம் எழுதத் தெரியாமல் போனதால் நடந்தவை குறைவு. திருத்தம் வந்த பிறகு, அது போய்ச் சேர வேண்டிய கணினி எது, அதற்குப் பொறுப்பாளி யார் என்று தெரியாமல் போனதால் நடந்தவையே அதிகம். ஒட்டுப் போடும் கையைவிட, கிழிசல் எங்கே என்று தெரிந்த கண்தான் அரிது.

வெப் சர்வர் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒற்றைப் பொருள் அல்ல. நாம் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டியதும் அந்தக் கோரிக்கை எங்கோ ஒரு கணினியைப் போய்ச் சேர்கிறது. அங்கே அடியில் லினக்ஸோ விண்டோஸோ ஓடுகிறது. அதன் மேல் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் போன்ற ஒரு சர்வர் மென்பொருள் கோரிக்கையை வாங்கிக்கொள்கிறது. போக்குவரத்தைப் பூட்டி அனுப்ப ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற ஒரு நூலகம் கூட நிற்கிறது. அதற்கும் மேலே ஸ்ட்ரட்ஸ் போன்ற ஒரு சட்டகம். எல்லாவற்றுக்கும் மேலேதான் அந்த நிறுவனம் தானே எழுதிய நிரல். ஒவ்வோர் அடுக்கையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாடுகளில், வேறு வேறு ஆண்டுகளில் எழுதியிருப்பார்கள். எந்த அடுக்கில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் ஒரே வீட்டுக்குள்தான் இறங்கும். அந்த ஓட்டையை அடைக்க வரும் திருத்தத்தைத்தான் கணினித் துறையில் ‘பேட்ச்’ என்கிறார்கள். சைக்கிள் கடையில் டியூபுக்குப் போடும் ஒட்டுக்கும் அதே பெயர்தான்.

ஸ்ட்ரட்ஸில் இருந்தது எப்படிப்பட்ட ஓட்டை என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பிரவுசர் ஒரு கோப்பை அனுப்பும்போது, ‘இது இன்ன வகைக் கோப்பு’ என்று ஒரு தலைப்பு வரியையும் சேர்த்து அனுப்பும். அந்த வரியில் தனக்குப் புரியாத ஏதாவது இருந்தால் ஸ்ட்ரட்ஸ் ஒரு பிழைச்செய்தி தயாரிக்கும். தயாரிக்கும்போது, வந்த வரியை அப்படியே செய்திக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளும். கோளாறு இங்கேதான். அந்த வரிக்குள் கோப்பின் வகைக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், ‘எனக்கு இது புரியவில்லை’ என்று பதில் எழுத உட்காரும் சர்வர், எழுதும் போக்கிலேயே அந்தக் கட்டளையை நிறைவேற்றிவிடும். அலுவலகத்தில் மனு வாங்கும் எழுத்தர், மனுவில் ‘பீரோவைத் திற’ என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எழுந்துபோய்த் திறந்துவிடுவதைப் போல. கடவுச்சொல் வேண்டாம், கணக்கு வேண்டாம், உள்ளே ஆள் வேண்டாம். சரியாக எழுதப்பட்ட ஒரு வரி போதும். அறிவிப்பு வந்த மூன்றாம் நாளே, மார்ச் 10 அன்று, யாரோ ஈக்விஃபேக்ஸின் சர்வர்களைத் தட்டிப் பார்த்து ஓட்டை இருப்பதை உறுதிசெய்துகொண்டார்கள் என்று பின்னால் நடந்த விசாரணைகள் கண்டறிந்தன.

நிறுவனத்துக்குள்ளே என்ன நடந்தது? நம்மூரில் சிபில் ஸ்கோர் என்கிறோமே, அந்த வகையான கடன் வரலாற்றைத் தொகுத்து விற்கும் நிறுவனம் அது. தன் கடன் விவரத்தில் பிழை இருப்பதாக நினைப்பவர்கள் முறையிடுவதற்கென்று ஓர் இணையத்தளம் வைத்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த அமைப்பின் வேர்கள் 1970களைச் சேர்ந்தவை. அதன் மேல் காலத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். அந்த அடுக்குகளில் ஒன்றில் ஸ்ட்ரட்ஸ் இருந்தது. உத்தரவு போன மின்னஞ்சல் பட்டியல் பழையது. திருத்தத்தைப் போட வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. மார்ச் 15 அன்று, ஓட்டையுள்ள கணினிகளைத் தேடும் கருவியையும் ஓட விட்டார்கள். எல்லா இடங்களையும் துழாவும்படி அதை அமைக்கவில்லை. அது தேடாத இடத்தில் ஸ்ட்ரட்ஸ் இருந்தது. ‘எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்தது. இல்லை என்று கருவி சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

இங்கே தொழில்நுட்பத்தைச் சார்ந்த ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். அப்பாச்சி சர்வரையோ லினக்ஸையோ புதுப்பிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். நிர்வாகி ஒரு கட்டளை கொடுத்தால் இயங்குதளமே புதிய பொதியை இறக்கிப் போட்டுக்கொள்ளும். ஸ்ட்ரட்ஸ் அப்படி வெளியே தெரியும்படி நிறுவப்படுவதல்ல. செயலியை எழுதியவர் அதை உள்ளே வைத்துப் பொட்டலமாகக் கட்டிவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் நிறுவனத்தின் செயலி மட்டுமே தெரியும். உள்ளே ஸ்ட்ரட்ஸ் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்பதெல்லாம் பொட்டலத்தைப் பிரித்தால்தான் தெரியும். திருத்தம் போடுவது என்றால் புதிய பதிப்பை வைத்துச் செயலியைத் திரும்பக் கட்டி, பழைய வேலைகள் எல்லாம் பிசகாமல் நடக்கின்றனவா என்று சோதித்து, பிறகு ஏற்ற வேண்டும். அதைக் கட்டியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஆகவே 48 மணி நேர உத்தரவு என்பது, சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரு நிறுவனத்தில்தான் உத்தரவு. தெரியாத நிறுவனத்தில் அது வெறும் கடிதம். 2015-லேயே இந்த நிறுவனத்தின் உள்தணிக்கை ஒன்று, 90 நாள் கடந்தும் அடைக்கப்படாமல் 8,500-க்கும் மேற்பட்ட ஓட்டைகள் கிடப்பதைச் சொல்லியிருந்தது. தன் வசம் உள்ள மென்பொருள்களுக்கு முழுமையான பட்டியல் இல்லை என்பதும் அப்போதே வெளிப்பட்டது. அமெரிக்க மேலவையின் குழு 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்ன ரிச்சர்ட் ஸ்மித், சில நாட்களுக்கு முன்புதான் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். மனிதத் தவறு ஒன்று, கருவியின் தவறு ஒன்று என்று இரண்டைச் சொன்னார். மனிதத் தவறு என்றது, திருத்தம் போட வேண்டும் என்ற தகவலை உரியவர்களுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒருவர் கொண்டுபோகவில்லை என்பது. இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அந்த ஒருவர் தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 14 கோடிப் பேரின் விவரங்கள் ஒரு மனிதர் ஒரு மின்னஞ்சலை மேலனுப்புவதை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தன என்றால், அப்படித் தொங்கவிட்டது யார் என்பதுதான் முதல் கேள்வி. ஏரிக்கரையில் நண்டு வளை விழுவது இயற்கை. மழைக்கு முன் கரையை நடந்து பார்ப்பது இன்னார் பொறுப்பு, அவர் பார்த்தாரா என்று கேட்பது இன்னார் பொறுப்பு என்று வைத்திருக்கிற ஊரில் வளை உடைப்பாக மாறுவதில்லை. அன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொருவர் கண்ணில் பட்டுவிடும். ஈக்விஃபேக்ஸில் ஓட்டை அடைபட்டதா என்று திரும்பக் கேட்கும் ஆள் இல்லை. சொன்னால் செய்வார்கள் என்ற நம்பிக்கையின் பேரில் நடந்த ஏற்பாடு அது.

இன்னொரு விவரத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இணையத்தளத்துக்கு வந்து போகும் போக்குவரத்தைப் பிரித்துச் சோதிக்க ஒரு சாதனம் இருந்தது. அதற்கு வேண்டிய டிஜிட்டல் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகிவிட்டிருந்தது. சான்றிதழ் இல்லாததால் சாதனம் எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் போக விட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். அன்றே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. மறுநாள் தளத்தையே நிறுத்தினார்கள். அதற்குள் திருடர்கள், கடவுச்சொற்கள் பூட்டப்படாமல் கிடந்த ஒரு கோப்பைக் கண்டெடுத்து, முறையீட்டுத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குள் புகுந்து, சுமார் 9,000 முறை தேடியிருந்தார்கள். சான்றிதழைப் புதுப்பிப்பதும் பேட்ச் போடுவதும் வேறு வேறு வேலைகள். தவறியதோ ஒரே காரணத்தால்: எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, அதற்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரிடமும் கணக்கு இல்லை.

இனி, காலம் ஏன் இத்தனை முக்கியம் என்பதைப் பார்ப்போம். ஒரு பேட்ச் வெளியாகும் நாள், காப்பவர்களுக்கு மட்டுமல்ல, தாக்குபவர்களுக்கும் செய்தி வரும் நாள். பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தாலே ஓட்டை எங்கே என்பது புரிந்துவிடும். மருந்துச்சீட்டைப் பார்த்து நோயைச் சொல்வது மாதிரி. ஆகவே பேட்ச் வந்த பிறகு, போடாதவரின் நிலை முன்பு இருந்ததைவிட மோசம். 2001 ஜூன் 18 அன்று மைக்ரோசாஃப்ட் தன் ஐஐஎஸ் சர்வருக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 19 அன்று, ‘கோட் ரெட்’ என்ற புழு, அதாவது தானாகவே பரவும் நிரல், அதே ஓட்டை வழியாக 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. அந்தக் கணினிகளின் உரிமையாளர்களில் பலருக்குத் தங்களிடம் ஒரு வெப் சர்வர் ஓடுகிறது என்பதே தெரியாது. விண்டோஸ் 2000 சர்வர் பதிப்பை நிறுவும்போதே ஐஐஎஸ்ஸும் கூடவே வந்து அமர்ந்துவிடும். இருப்பதே தெரியாத ஒன்றுக்கு யார் பேட்ச் போடுவார்கள்? ஈக்விஃபேக்ஸுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அதே பாடம் எழுதப்பட்டுவிட்டது.

மறு ஆண்டு, 2002 ஜூலை இறுதியில், ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் கடுமையான ஓட்டைகள் அறிவிக்கப்பட்டன. எரிக் ரெஸ்கார்லா என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான சர்வர்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எவை எப்போது திருத்தப்படுகின்றன என்று தொடர்ந்து கவனித்தார். அவர் கண்டது மனித இயல்பைப் பற்றிய ஒரு செய்தி. அறிவிப்பு வந்ததும் ஒரு சாரார் விழித்துத் திருத்தினார்கள். பிறகு ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை; வாரங்கள் போயின. செப்டம்பரில் ‘ஸ்லாப்பர்’ என்ற புழு அதே ஓட்டையைப் பிடித்துக்கொண்டு அப்பாச்சி சர்வர்களில் பரவத் தொடங்கியது. அப்போது இன்னொரு சாரார் விழித்தார்கள். புழு வந்து போன பிறகும் ஒரு கூட்டம் விழிக்கவே இல்லை. இரண்டாவது அலையில் திருத்தியவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்ல முடியாது. செய்ய முடிந்ததைத்தான் செய்தார்கள். ஆறு வாரம் தாமதமாகச் செய்தார்கள். வேலை எவ்வளவு கடினம் என்பது அந்தத் தாமதத்தைத் தீர்மானிக்கவில்லை. அடுத்த வீட்டில் தீப்பிடித்த பிறகுதான் தண்ணீர் தேடினார்கள்.

அப்படியானால் ஓட்டையைப் பகிரங்கமாக அறிவிக்காமலே திருத்தத்தை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பலாமே என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் அது நடைமுறையில் நிற்காது. அப்பாச்சி, ஓப்பன்எஸ்எஸ்எல் போன்றவை எல்லோரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்ட நிரல்கள். மாற்றம் செய்த நிமிடமே அது உலகத்தின் கண்ணில் படும். மூடிய மென்பொருளிலும் பேட்ச்சைப் பிரித்துப் படிக்கக் கருவிகள் இருக்கின்றன. மறைத்து அனுப்பினால் தாக்குபவர் கண்டுபிடித்துவிடுவார். எதற்கு இந்தத் திருத்தம் என்று தெரியாத நிர்வாகியோ ‘அவசரமில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கி வைப்பார். இன்று பெரும்பாலோர் பின்பற்றும் வழக்கம் இதற்கு இடைப்பட்டது. ஓட்டையைக் கண்டவர் முதலில் மென்பொருளைப் பராமரிப்பவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வார். திருத்தம் தயாரான பிறகு, இரண்டும் ஒரே நாளில் வெளியாகும். அந்த நாளிலிருந்து ஓட்டம் தொடங்குகிறது. ஓட்டத்தை நிறுத்த யாராலும் முடியாது. நம் பக்கத்துத் தூரத்தைக் குறைக்க மட்டுமே முடியும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சர்வர்களைப் பராமரிப்பவர்களே அதைச் சொல்வார்கள்: ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்காதே. புதுப்பிக்கப் போய் இருப்பதையும் கெடுத்துக்கொண்ட கதைகள் ஏராளம், உண்மையும்கூட. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. காப்பதற்கென்று வந்ததே கவிழ்த்துவிட்டது. இதைப் பார்த்த ஒரு நிர்வாகி, ‘கொஞ்சம் பொறுத்துப் போடுவோம்’ என்று தயங்கினால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

வெப் சர்வர் உலகத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். 2021 செப்டம்பரில் அப்பாச்சி சர்வரின் 2.4.49 பதிப்பு வெளிவந்தது. முகவரிகளைச் சீர்செய்யும் பகுதியை அதில் மாற்றி எழுதியிருந்தார்கள். கணினியில் அடுத்தடுத்து இரண்டு புள்ளி, பிறகு ஒரு சாய்கோடு போட்டால் ‘ஒரு படி மேலே போ’ என்று பொருள். வெளியிலிருந்து வரும் முகவரியில் இது இருந்தால் சர்வர் தடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இணையத்தளத்தின் கோப்புறையைத் தாண்டி மேலே மேலே ஏறி, கணினியின் மற்றக் கோப்புகளைப் படித்துவிடலாம். முகவரிகளில் ஓர் எழுத்தை நேராகவும் எழுதலாம், சதவீதக் குறியோடு ஓர் எண்ணாகவும் எழுதலாம். இரண்டு புள்ளிகளும் நேராக இருந்தால் புதிய நிரல் பிடித்தது. முதல் புள்ளி நேராகவும் இரண்டாவது எண் வடிவிலும் இருந்தால் விட்டுவிட்டது. அந்த ஓர் இடுக்கு போதுமானதாக இருந்தது. அக்டோபர் 4 அன்று 2.4.50 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. ஆனால் புள்ளிக்குரிய எண்ணையே இன்னொரு முறை எண்ணாக மாற்றி, உறைக்குள் உறையாக அனுப்பினால் அதுவும் ஏமாந்தது. அக்டோபர் 7 அன்று 2.4.51 வந்த பிறகே ஓட்டை முழுவதுமாக அடைபட்டது. 2.4.48-லேயே நின்றிருந்தவர்களை இந்த ஓட்டை தொடவே இல்லை.

அப்படியானால் பின்தங்கி நின்றவர்கள்தான் புத்திசாலிகளா? இந்தச் சில வாரங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றும். 2014-இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோதும் அப்படித்தான் தோன்றியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1 வரிசையில்தான் அந்த ஓட்டை இருந்தது, பழைய 0.9.8 வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் பழைய பதிப்பு தப்பியது அந்த ஒன்றிலிருந்துதான். அதற்குரிய வேறு ஓட்டைகள் எல்லோருக்கும் தெரிந்தவை, பட்டியலிடப்பட்டவை, அவற்றை உடைக்கும் கருவிகள் ஆயத்தமாக இருப்பவை. 0.9.8-க்கு ஆதரவே 2015 முடிவோடு நின்றுவிட்டது. அதன் பிறகு திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. புதிய பதிப்பில் தெரியாத ஓட்டை இருக்கலாம் என்பதற்காகத் தெரிந்த ஓட்டையோடு குடியிருப்பது கணக்குக்கு ஒத்துவராது. 2.4.49 கதையிலேயே இன்னொரு விவரமும் இருக்கிறது. ‘வெளிப்படையாக அனுமதிக்காத எந்தக் கோப்புறையையும் யாருக்கும் காட்டாதே’ என்ற வரி அப்பாச்சியின் இயல்பான அமைப்பிலேயே வரும். அந்த வரியை நீக்காமல் வைத்திருந்தவர்களின் கோப்புகள், ஓட்டையுள்ள பதிப்பிலும் தப்பின. புதுப்பித்தவர், புதுப்பிக்காதவர் என்ற பிரிவைவிட, தன் சர்வரில் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று அறிந்தவர், அறியாதவர் என்ற பிரிவுதான் இங்கே பெரியது.

புதுப்பித்தால் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் விடை அதே இடத்தில்தான் கிடைக்கிறது. உண்மையான சர்வரைப் போலவே ஒரு சோதனைச் சர்வர், அதில் முதலில் போட்டுப் பார்க்கும் வழக்கம், கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி, முதலில் பத்து இயந்திரங்கள், பிறகு நூறு என்ற படிப்படியான ஏற்றம். இவை இருக்கிற இடத்தில் பேட்ச் போடுவது ஓர் அன்றாட வேலை. இவை இல்லாத இடத்தில் ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு சூதாட்டம், பயப்படுவது இயல்பு. ஆகவே ‘கை வைக்காதே’ என்ற எச்சரிக்கையை மென்பொருளைப் பற்றிய உண்மையாக நான் படிக்கவில்லை. அந்த அலுவலகத்துக்கு ஒதுக்கப்பட்ட ஆளும் பணமும் போதவில்லை என்ற செய்தியாகத்தான் படிக்கிறேன். அது நிர்வாகி தீர்க்கக்கூடியது அல்ல. அவருக்கு மேலே இருப்பவர்கள் தீர்க்க வேண்டியது.

சிறிய தளத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற சமாதானத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கோட் ரெட் யாரையும் தேடி வரவில்லை. கண்மூடித்தனமாக எண்களை உருவாக்கி, அந்த எண்ணுள்ள கணினியின் கதவைத் தட்டியது. திறந்தவர் வீட்டில் புகுந்தது. இன்றைய தாக்குதல் கருவிகளும் இணையம் முழுவதையும் அப்படித்தான் வரிசையாகத் துழாவுகின்றன. கதவுக்குப் பின்னால் வங்கி இருக்கிறதா, பள்ளிக்கூடத்தின் தேர்வு முடிவுப் பக்கம் இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை.

பேட்ச் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பையும் ஹார்ட்பிளீட் உடைத்தது. அந்த ஓட்டையால், சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை வெளியே உருவ முடிந்தது. அதில் பயனரின் கடவுச்சொல்லும் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியும் இருக்கலாம். உருவியதற்குத் தடயம் பதிவேட்டில் இருக்காது. கனடாவின் வரித்துறையில் ஆறு மணி நேரத்துக்குள் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் போயின. ஓட்டையை அடைப்பது முதல் படி மட்டும். சாவி போயிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு புதுச் சாவி செய்து, பழைய சான்றிதழைச் செல்லாததாக்கி, பயனர்களைக் கடவுச்சொல் மாற்றச் சொல்ல வேண்டும். அதைவிட எளிய ஒரு படியிலேயே பலர் தவறினார்கள். நூலகத்தின் புதிய பதிப்பை வட்டில் போட்டாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் நினைவகத்தில் உள்ள பழைய பதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். நிறுத்தித் திரும்ப ஓட்டினால்தான் புதியதை எடுத்துக்கொள்ளும். பதிப்பு எண்ணைக் கேட்டால் ‘புதியது’ என்று பதில் வரும். ஓட்டையோ அப்படியே திறந்திருக்கும். இதற்கு நேர்மாறும் உண்டு. டெபியன், ரெட் ஹாட் போன்றவை பழைய பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தை மட்டும் அதனுள் சேர்த்துத் தருகின்றன. அங்கே எண் பழையது, ஓட்டை கிடையாது. எண்ணை மட்டும் பார்த்து ஒப்பமிடும் தணிக்கை இரண்டு இடத்திலும் ஏமாறும்.

2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்ற ஜாவா நூலகத்தில் ஓட்டை வெளிப்பட்டபோது உலகம் முழுவதும் நிறுவனங்கள் திணறியதும் இதே காரணத்தால்தான். சர்வரில் நடப்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் சாதாரணக் கருவி அது. பொட்டலத்துக்குள் பொட்டலமாக எத்தனையோ செயலிகளில் ஒளிந்திருந்தது. திருத்தம் வந்துவிட்டது, எங்கே போடுவது என்று தேடுவதில் வாரங்கள் கழிந்தன. இந்த ஓட்டை பத்தாண்டுகளோ அதற்கும் மேலோ ஆங்காங்கே நீடிக்கும் என்று அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக் குழு 2022-இல் சொன்னது. மசாலாப் பொடிப் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடுவதைப் போல, மென்பொருளிலும் உள்ளடக்கப் பட்டியல் தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தத் திணறல் வலுச் சேர்த்தது. அலங்காரமான யோசனை அல்ல அது. பட்டியல் இருந்தால் ‘நம்மிடம் இது இருக்கிறதா’ என்ற கேள்விக்கு வாரக்கணக்கில் அலைய வேண்டாம்.

இதெல்லாம் ஏன் நிர்வாகிகளின் உள்விவகாரமாக இருக்க முடியாது என்பதற்கும் ஈக்விஃபேக்ஸ்தான் சாட்சி. விவரம் பறிபோன 14.7 கோடிப் பேரில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்துக்குத் தாங்களாக எதையும் கொடுத்தவர்கள் அல்லர். வங்கியில் கடன் வாங்கினார்கள், கடன் அட்டை வைத்திருந்தார்கள். விவரம் தானாக அங்கே போய்ச் சேர்ந்தது. வேண்டாம் என்று விலகவும் வழியில்லை. கடவுச்சொல் போனால் மாற்றலாம், அட்டை போனால் புதியது வாங்கலாம். பிறந்த தேதியை யாராலும் மாற்ற முடியாது. சமூகப் பாதுகாப்பு எண் ஆயுளுக்கும் கூட வருவது. இழந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பேட்ச்சைப் போடும் அதிகாரம் இல்லை. போடும் அதிகாரம் இருந்தவர்களுக்கோ சொந்தமாக இழக்க எதுவும் இல்லை. இந்த முரண்தான் இத்தனை ஓட்டைகள் இத்தனை நாள் திறந்து கிடப்பதற்கு அடிப்படை என்று நினைக்கிறேன்.

2019 ஜூலையில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் மாநில அரசுகளும் அந்த நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. குறைந்தது 57.5 கோடி டாலர், தேவைப்பட்டால் 70 கோடி டாலர் வரை செலுத்த வேண்டும் என்பது செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. அதே உடன்பாட்டில் அதிகம் பேசப்படாத இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. பாதுகாப்புத் திட்டம் ஆணைப்படி நடக்கிறது என்று ஆண்டுதோறும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவோ அதன் துணைக்குழுவோ சான்றளிக்க வேண்டும். 2017 மார்ச்சில் ஒரு மின்னஞ்சல் பட்டியலில் தொலைந்துபோன கேள்வி, இப்போது இயக்குநர்களின் மேசைக்கு வந்து கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.